பிளஸ் ஒன்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஆளா ஆகணும், என்ன பண்ணலாம்?

கேள்வி, 6 ஜூலை

பத்தாவது வரைக்கும் எங்க ஊர் அரசு உயர்நிலைப் பள்ளி. கிளாஸ்ல மொத்தமே 19 பேர். இப்போ டவுன்ல பெரிய ஸ்கூல், பிளஸ் ஒன், பயோ-மேத்ஸ், இங்கிலீஷ் மீடியம், ஒரு செக்‌ஷன்ல 58 பேர். என் பேர் நாலு பேருக்குத் தெரிஞ்சிருந்தா அதிகம். மிஸ் எழுப்பிக் கேட்டா பதில் தெரியும், ஆனா தொண்டையிலயே நின்னுடும். பின் பெஞ்சுல ஒருத்தன் 'மியூட்'னு பேர் வச்சிட்டான், இப்போ அதுதான் என் பேர். எங்க செக்‌ஷன்லயே ஒருத்தன் இருக்கான், உள்ள வந்தாலே எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. எனக்கு அப்படி ஆகணும். ஜனவரியில ஆண்டு விழா. அதுக்குள்ள டான்ஸ் கத்துக்கிட்டு மேடை ஏறலாம்னு இருக்கேன். ஹேர்ஸ்டைல் மாத்தப் போறேன். தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பழகுறேன். வேற என்ன பண்ணணும்? 'நீ நீயா இரு'ன்னு மட்டும் யாரும் சொல்லிடாதீங்க.

6 ஜூலை, இரவு

ஹேர்ஸ்டைல் மாத்திக்கோ, அதுல ஒண்ணும் இல்ல. பி.டி. சார் கையில கத்தரிக்கோல் இல்லாத வாரமா பாத்து மாத்து.

டான்ஸ் எதுக்கு? பிடிக்கும்னா கத்துக்கோ, ஆடு. ஆனா ஆயிரம் பேர் முன்னாடி ஒரு தடவை ஆடிட்டா எல்லாம் சரியாயிடும்னு கணக்குப் போட்டிருந்தா, வேண்டாம். ஆடி முடிச்ச மறுநாள் அதே கிளாஸ், அதே பெஞ்சு. 'டேய், நேத்து செமயா ஆடினடா'ன்னு ஒருத்தன் வந்து சொல்வான். அவன்கிட்ட திருப்பி என்ன பேசுவ? நீ மாட்டிக்கிட்டு நிக்கிற இடம் அதுதான். ஆட்டம் அதைத் தொடவே தொடாது.

நீ எழுதினதுல ஒண்ணு விட்டுப்போச்சு. மத்தியானம் யாரோட உக்காந்து சாப்பிடுற?

7 ஜூலை

'தனியாத்தான். சீக்கிரம் முடிச்சுட்டு லைப்ரரி போயிடுவேன்.'

நினைச்சேன். லைப்ரரி பூட்டியிருந்தா குழாயடி, அப்புறம் சைக்கிள் ஸ்டாண்ட், அப்புறம் நோட்டீஸ் போர்டு. இந்த வழி எல்லாம் நான் நடந்து தேஞ்ச வழி. நானும் உன்னை மாதிரி கிராமத்துல பத்தாவது முடிச்சுட்டு டவுனுக்கு வந்தவதான். எங்க ஸ்கூல் நோட்டீஸ் போர்டை என்னளவுக்கு ஊன்றிப் படிச்ச பிள்ளை இருந்திருக்காது. போன வருஷத்து வினாடி வினா அறிவிப்பு வரைக்கும் மனப்பாடம்.

இப்போ ஒரு விஷயம். 1982-ல ஜான் கோய், கென்னத் டாட்ஜ் ரெண்டு பேரும் சக ஆய்வாளர் ஒருத்தரோட சேர்ந்து அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள்கிட்ட ஒரு ஆய்வு பண்ணாங்க. உன்கூடப் படிக்கிறவங்கள்ல ரொம்பப் பிடிச்சவங்க யாரு, கொஞ்சமும் பிடிக்காதவங்க யாருன்னு தனித்தனியா கேட்டாங்க. முதல் பட்டியல்ல நிறைய வர்றவங்க ஒரு வகை. ரெண்டாவதுல நிறைய வர்றவங்க, அதாவது ஒதுக்கப்பட்டவங்க, இன்னொரு வகை. ரெண்டு பட்டியல்லயும் ஏகத்துக்கு வர்றவங்க ஒரு வகை. ரெண்டுலயும் பேரே வராத பிள்ளைகளும் இருந்தாங்க.

நீ கடைசி வகை. உன்னை யாரும் வெறுக்கல தம்பி, ஒரு மாசத்துல அதுக்கு அவங்களுக்கு நேரமே இல்ல. கண்ணுல படல, அவ்வளவுதான். ஒதுக்கப்பட்டவன் கதை இதைவிட ரொம்பக் கஷ்டம், அவன் முதல்ல இருக்கிற கெட்ட பேரை அழிக்கணும். உனக்கு அழிக்க எதுவும் இல்ல.

உங்க செக்‌ஷன் ஹீரோ எந்த வகைன்னு யோசிச்சுப் பாரு. எல்லாருக்கும் தெரிஞ்சவனும் எல்லாருக்கும் பிடிச்சவனும் ஒரே ஆளா இருக்கணும்னு கட்டாயமில்ல. சும்மா கவனி, என்கிட்ட சொல்ல வேண்டாம்.

9 ஜூலை

'மியூட்னு கிண்டல் பண்றது வெறுப்பு இல்லையா'ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். சில சமயம் ஆமா. இங்க எனக்கு அப்படித் தோணல. கூப்பிட்டா திரும்பி, 'என்னடா'ன்னு கேளு. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். பட்டப்பேர் வச்சவனுக்கு அது கொஞ்சம் ஏமாத்தமா இருக்கும்.

உடம்பு, நிறம், வீடு, சாதி, அப்பாவோட தொழில், இதுல எதையாவது வச்சுப் பேர் வச்சா அது கிண்டல் கணக்குல வராது. நேரா வகுப்பாசிரியர்கிட்ட போ. 'போட்டுக் கொடுத்துட்டான்'னு சொல்வாங்க, சொல்லட்டும்.

11 ஜூலை

கண்ணாடிக்கு வர்றேன். அதை நிறுத்து.

கூச்சப்படுறவனுக்கு ஏற்கெனவே தன்னைப் பத்தின கவனம் ஜாஸ்தி. கை நடுங்குதா, குரல் பிசிறுதா, முகம் சிவக்குதா, எல்லாரும் பாக்குறாங்களான்னு உள்ளுக்குள்ள ஒரு ஆள் உக்காந்து நோட்டு எடுத்துக்கிட்டே இருப்பான். எதிர்ல இருக்கிறவன் சொல்றது பாதி காதுல விழாது. காதுல விழாததால பதில் வராது. பதில் வராததால இன்னும் நடுக்கம். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ்னு ரெண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-ல சமூக பதற்றத்துக்கு ஒரு விளக்கம் எழுதினாங்க, அதுல மையமே இந்தத் தன்னையே கவனிக்கிற பழக்கம்தான். நீ கண்ணாடி முன்னாடி நின்னு அந்த நோட்டு எடுக்கிற ஆளுக்கு டியூஷன் வச்சுக்கிட்டு இருக்க.

கவனத்தை வெளிய தள்ளு. பேசுறவன் சட்டையில எத்தனை பட்டன், அவன் இந்த வாக்கியத்துல கடைசியா சொன்ன வார்த்தை என்ன, இதைப் பாரு. கடைசி வார்த்தையைப் பிடிச்சாலே அடுத்த கேள்வி கிடைச்சிடும். 'நேத்து தம்பி சைக்கிளைக் கீழ போட்டுட்டான்.' 'எந்த சைக்கிள்?' போதும். நீ பேசவே வேண்டாம், அவன் பேசுவான்.

எல்லாரும் பாக்குறாங்கன்ற நினைப்புக்கும் ஒரு சோதனை உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்துல தாமஸ் கிலோவிச் குழு பண்ணி 2000-ல வெளியிட்டது. ஒரு மாணவனுக்கு மானத்தை வாங்கற மாதிரி ஒரு டி-ஷர்ட். பாரி மனிலோன்னு ஒரு பாடகர் படம் போட்டது, பாவம் அந்த மனுஷன். அதைப் போட்டுக்கிட்டு ஒரு அறைக்குள்ள போயிட்டு வரச் சொன்னாங்க. எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்கன்னு கேட்டா, கிட்டத்தட்ட பாதிப் பேர்னு சொன்னாங்க. நிஜத்துல கவனிச்சது கால்வாசிப் பேர்தான்.

கால்வாசியும் இருக்கே அக்கான்னு கேப்ப. இருக்கு. 58 பேர்ல 14. அந்தப் 14 பேரும் மத்தியானத்துக்குள்ள மறந்துடுவான், ஏன்னா அவனவன் டி-ஷர்ட் அவனவனுக்குக் கவலை.

16 ஜூலை

'உங்களுக்கு எப்படி சரியாச்சு'ன்னு தனியா கேட்டிருந்த, இங்கேயே எழுதுறேன்.

முழுசா சரியாகல. கல்யாண வீட்டுல இன்னைக்கும் நான் பந்தியில கடைசி ஓரமாத்தான் இடம் பிடிப்பேன்.

பிளஸ் ஒன்ல எனக்குக் கிடைச்சது ஒரு கரும்பலகை மூலை. தெரியும் இல்ல, வலது ஓரத்துல பதிவு இத்தனை, வருகை இத்தனைன்னு எழுதுவோமே, அது. என் கையெழுத்து நல்லா இருக்கும், மிஸ் ஒருநாள் சாக்பீஸைக் கொடுத்து இனிமே நீ எழுதுன்னுட்டாங்க. எழுதணும்னா யார் லீவுன்னு தெரியணும். தெரியணும்னா ஒவ்வொரு வரிசையா போய்க் கேக்கணும். எனக்குன்னு போய்ப் பேசணும்னா செத்துப் போயிருப்பேன். மிஸ் கொடுத்த வேலைன்னா வாய் தானா திறந்துச்சு. 'உங்க பெஞ்சுல யார் வரல?' இந்த ஒரு கேள்விதான், தினமும். அதுக்கே அரையாண்டுக்குள்ள கிளாஸ் முழுக்க யாருக்கு ஜுரம், யார் அக்காவுக்கு வளைகாப்பு, யார் வீட்டுல மாடு கன்னு போட்டுச்சு, எல்லாம் எனக்குத் தெரியும். அவங்களுக்கும் என் பேர் தெரியும்.

தைரியம் வந்ததால பேசல. வேலை இருந்ததால பேசினேன், தைரியம் ரொம்ப நாள் கழிச்சு வந்துச்சு. நீ தலைகீழா போற, முதல்ல தைரியத்தைச் சேத்து வச்சுக்கிட்டு அப்புறம் பேசலாம்னு. அது சேராது.

அதனால ஜனவரியை விடு. நாளைக்கே ஒரு சின்ன வேலை பிடி. ரெக்கார்ட் நோட்டு சேத்துக் கொண்டுபோய் லேப்ல வைக்கிறது, மேப் ஸ்டாண்ட் எடுத்துட்டு வர்றது, வாட்ஸப் குரூப்ல வீட்டுப்பாடம் போடுறது, எதுவானாலும் சரி. நாலு பேர்கிட்ட போய்ப் பேசியாக வேண்டிய வேலையா இருக்கணும்.

17 ஜூலை

காந்தியை யாரோ இழுத்துட்டு வந்திருக்கீங்க. 'காந்தியே கூச்ச சுபாவம்தான், அப்புறம் உலகமே கேட்டுச்சு'ன்னு. சரி, ஆனா நடுவுல என்ன நடந்துச்சுன்னு சொல்லாம விட்டா அது வெறும் காலண்டர் வாசகம்.

பள்ளியில மணி அடிச்சதும் யாராவது கேலி பண்ணிடுவாங்களோன்னு வீட்டுக்கு ஓடிடுவேன்னு அவரே எழுதியிருக்கார். லண்டன்ல படிச்சுட்டு வந்து பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்ல முதல் வழக்கு, ஃபீஸ் 30 ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுத்துச்சு, ஒரு கேள்வியும் வரல, உக்காந்துட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்துடுறேன், வேற வக்கீலை வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துட்டார்.

1893-ல தென்னாப்பிரிக்காவுல, பிரிட்டோரியாவுல இந்திய வியாபாரிகளைக் கூட்டி வச்சுப் பேசினார். அதுதான் தன் முதல் மேடைப் பேச்சுன்னு சொல்லலாம்னு அவரே சொல்றார். அங்க மட்டும் எப்படி வாய் வந்துச்சு? சொல்றதுக்கு ஒரு விஷயம் இருந்துச்சு. வியாபாரத்துல உண்மையா இருங்க, நம்ம கஷ்டத்தை எடுத்துச் சொல்ல ஒரு சங்கம் வேணும்னு. அதோட நிறுத்தல, யாருக்காவது இங்கிலீஷ் கத்துக்கணும்னா நான் சொல்லித் தர்றேன்னார். மூணு பேர் வந்தாங்க. ஒரு நாவிதர், ஒரு குமாஸ்தா, ஒரு சின்னக் கடைக்காரர். அவங்க இடத்துக்கே போய்ச் சொல்லிக் கொடுத்தார்.

எனக்கு அந்த மூணு பேர்தான் பிடிச்ச இடம். வேலை, மறுபடியும்.

24 ஜூலை, கேட்டவர்

அக்கா, பயாலஜி ரெக்கார்ட் கலெக்ட் பண்ற வேலை வாங்கிட்டேன். நிஜமாவே நிறையப் பேர் பேசுறாங்க. மூணு பேர் அவங்க ரெக்கார்டை என்கிட்ட கொடுத்து படம் வரைஞ்சு தரச் சொன்னாங்க. நேத்து ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வரைஞ்சேன். ஹீரோவோட ரெக்கார்டும் அதுல ஒண்ணு!!

24 ஜூலை

அடப்பாவி.

25 ஜூலை

நேத்து கோவத்துல ஒரே வார்த்தையோட விட்டுட்டேன். 16-ம் தேதி எழுதினதோட இதைச் சேத்துப் படி, இல்லன்னா அது பாதிதான்.

கரும்பலகைக்கு அப்புறம் என் கையெழுத்துப் புகழ் பரவிச்சு. மண்புழு, தவளை, கரப்பான்பூச்சியோட வாயுறுப்பு, எல்லாம் நான்தான் வரைஞ்சேன், பாதி கிளாஸுக்கு. எல்லாரும் தேடி வந்தாங்க, எனக்குத் தலைகால் புரியல. பிராக்டிகல் முடிஞ்ச வாரம் ஒரு பொண்ணு பிறந்தநாள், என்கிட்ட மூணு ரெக்கார்ட் வாங்கினவ. எல்லாரையும் கூப்பிட்டா, என்னைக் கூப்பிடல. வேணும்னு இல்ல. ஞாபகமே வரல அவளுக்கு. என் கையெழுத்துதான் அந்தக் கிளாஸ்ல பிரபலம், நான் இல்ல.

அதனால 'வேலை பிடி'ன்னு சொன்னதுல ஒரு கோடு போட்டுக்கோ. நாலு பேரோட சேர்ந்து செய்யிற வேலையா, நாலு பேருக்காகத் தனியா ராத்திரி உக்காந்து செய்யிற வேலையா? முதல் வகையில பேச்சு நடக்கும். ரெண்டாவது வகையில நீ ஜெராக்ஸ் கடை.

'முடியாது'ன்னு எப்படிச் சொல்றதுன்னு கேப்ப, உன்னை மாதிரி பிள்ளைக்கு அது பேசுறதைவிடக் கஷ்டம். முடியாதுன்னு சொல்ல வேண்டாம். 'லஞ்ச்ல கொண்டு வா, சேர்ந்து வரையலாம்'னு சொல்லு. வர்றவன் வருவான். வராதவன் உன் பென்சிலுக்கு மட்டும்தான் நண்பன்.

ஹீரோ வர்றானான்னு எனக்கும் ஆர்வமாத்தான் இருக்கு.

29 ஜூலை

ஹீரோ வரலையாம். மூணுல ஒருத்தன் வந்தானாம், அவன் வீட்டு மாடியில புறா வளக்குறானாம். ஹீரோவைவிட இது நல்ல அறுவடை.

எந்த பெஞ்சுல உக்காந்திருக்கன்னு கேட்டதுக்கு 'மிஸ் போட்ட இடம்'னு எழுதியிருக்க. மாத்த முடிஞ்சா புறாக்காரன் பக்கத்துல மாத்திக்கோ. சிரிக்காதே. 1974-ல மேடி சீகல்னு ஒரு சமூகவியலாளர் அமெரிக்காவுல மேரிலாண்ட் போலீஸ் பயிற்சிக்கு வந்தவங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க. அங்க அறையும் இருக்கையும் பேரோட முதல் எழுத்து வரிசையில கொடுப்பாங்க. கடைசியில யாரு யாருக்கு நண்பன்னு பாத்தா, எழுத்து பக்கத்துல பக்கத்துல இருந்தவன்தான். குணம், ரசனை எல்லாம் பின்னாடி. 'எங்க நட்பு பூர்வ ஜென்ம பந்தம்'னு ஆட்டோகிராஃப்ல எழுதுறோமே, பாதி வருகைப் பதிவேட்டு பந்தம்.

இன்னொண்ணு. பிட்ஸ்பர்க்ல 1992-ல மோர்லாண்ட், பீச் ரெண்டு பேரும் பண்ணது. நாலு பெண்களை ஒரு கல்லூரி வகுப்புக்கு அனுப்பினாங்க. ஒருத்தி 15 தடவை, ஒருத்தி 10, ஒருத்தி 5, ஒருத்தி போகவே இல்ல. யார்கிட்டயும் பேசக் கூடாது, சும்மா உக்காந்துட்டு வரணும். கடைசியில நாலு பேர் படத்தையும் மாணவர்கள்கிட்ட காட்டினா, அதிகம் வந்தவளைத்தான் அதிகம் பிடிச்சிருந்தது. ஒரு வார்த்தை பேசாமலே.

லைப்ரரிக்கு ஓடுறது ஏன் தப்புன்னு இப்போ புரியுதா? பேசாம இருக்கிறது பரவாயில்ல. காணாமப் போறதுதான் கெடுதல்.

2 ஆகஸ்ட்

'எவ்வளவு நாள் ஆகும்' கேள்வி.

கான்சாஸ் பல்கலைக்கழகத்துல ஜெஃப்ரி ஹால் 2018-ல ஒரு கணக்கு சொன்னார். தெரிஞ்சவன் ஓரளவு நண்பன் ஆக சுமார் 50 மணி நேரம் சேர்ந்து இருக்கணும். நல்ல நண்பனாக 90 போல. நெருங்கின நண்பனாக 200-க்கு மேல. அமெரிக்கக் கணக்கு, பெரியவங்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் வச்சு எடுத்தது, நம்ம ஊருக்கு அப்படியே ஒட்டும்னு சொல்ல மாட்டேன். இருந்தாலும் போட்டுப் பாரு. ரெண்டு இண்டர்வெல், சாப்பாட்டு நேரம் சேர்த்தா நாளைக்கு ஒரு மணி நேரம் தேறும். 50 மணின்னா 50 வேலை நாள். காலாண்டு லீவு முடிஞ்சு கொஞ்ச நாள்ல ஒரு ஆள் தேறியிருப்பான்.

58 பேருக்கும் இந்தக் கணக்கைப் போட்டா நீ ரிட்டையர் ஆகுற வரைக்கும் பிளஸ் ஒன்லயே இருக்கணும்.

10 ஆகஸ்ட்

நான் ஆசிரியைன்னு எப்படியோ கண்டுபிடிச்சுட்ட, உடனே 'மிஸ்'ஸாம். அக்காவே இருக்கட்டும். மிஸ்னு கூப்பிட்டா வீட்டுப்பாடம் கொடுப்பேன்.

ஆசிரியை பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லணும், ரொம்ப நாளா வயித்துக்குள்ள இருக்கு. பத்து வருஷம் நாங்க பிள்ளைகளை 'கை கட்டு, வாய் பொத்து'ன்னு வளக்குறோம். யார் பேசினான்னு கரும்பலகையில பேர் எழுத ஒரு லீடர் வேற. பேசாத பிள்ளைக்கு 'தங்கமான பையன், இருக்கிற இடமே தெரியாது'ன்னு பெற்றோர் கூட்டத்துல சர்டிஃபிகேட். அம்மா முகத்துல அவ்வளவு பெருமை. அதே பிள்ளை பிளஸ் ஒன் வந்ததும் 'ஏன்டா வாயைத் திறக்க மாட்டேங்குற'ன்னு நாங்களே திட்டுறோம். ஆண்டு விழா தொகுத்து வழங்க எப்பவும் அதே ரெண்டு பிள்ளைகளைத்தான் கூப்பிடுவோம், ஏன்னா ஒத்திகைக்கு நேரமில்ல. திருக்குறள்ல அவையஞ்சாமைன்னு தனி அதிகாரமே இருக்கு, 73-வது. அதை ஒப்பிக்கச் சொல்லி எழுப்பினா நிக்கிற பிள்ளைக்குக் கால் நடுங்குது, கையில குச்சியோட எதிர்ல நாங்க.

உன் விஷயத்துல இங்கிலீஷும் இருக்கு, நீ அதைச் சொல்லவே இல்ல, நானாத்தான் ஊகிக்கிறேன். 19 பேர் கிளாஸ்ல தமிழ்ல நீ பேசினியா இல்லையா? 'பேசினேன், கபடி டீம்ல கத்துவேன்'னு பதில் வந்திருக்கு பாரு. அப்போ உனக்கு கூச்சம் பாதி, மீடியம் பாதி. பதில் தெரிஞ்சும் தொண்டையில நிக்கிறதுக்குக் காரணம் 'இஸ்'ஸா 'வாஸ்'ஸான்னு உள்ளுக்குள்ள நடக்கிற பஞ்சாயத்து. தமிழ்லயே சொல்லிடு. விலங்கியல் மிஸ் கோச்சுக்க மாட்டாங்க. கோச்சுக்கிட்டா அவங்களுக்கு வேற பிரச்சினை.

11 ஆகஸ்ட்

கபடி டீம்ல கத்தினவன் எதுக்குடா டான்ஸ் கத்துக்கப் போன? பி.டி. சாரைப் போய்ப் பாரு. ஹேர்ஸ்டைல் மாத்துறதுக்கு முன்னாடி.

19 ஆகஸ்ட்

தென் மாவட்டத்துல இருந்து ஒரு அப்பா எழுதியிருக்கார். அவர் பையனுக்கும் இதே கூச்சம், இந்த வருஷம் 'பெரிய பசங்க செட்'ல சேர்ந்துட்டானாம், இப்போ நல்லா பேசுறானாம், கையில கலர் கயிறு கட்டியிருக்கானாம். 'தன்னம்பிக்கை வந்துடுச்சு, சந்தோஷமா இருக்கு'ன்னு முடிச்சிருக்கார்.

ஐயா, எனக்குச் சந்தோஷமா இல்ல. தனியா நிக்கிற பிள்ளையை முதல்ல கூப்பிட்டு உக்கார வைக்கிறது எப்பவும் நல்லவங்களா இருக்கணும்னு இல்ல. சேர்றதுக்கு ஒரு இடம், கூப்பிட ஒரு பேர், அடிபட்டா கேக்க ஆள், இதெல்லாம் அந்த செட்டு ஒரே நாள்ல கொடுத்துடும். 50 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். அந்தக் கலர் கயிறு சாதி அடையாளம், பிறந்த சாதிதான் நுழைவுச் சீட்டு. 2023-ல நாங்குநேரியில ஒரு பள்ளி மாணவனைக் கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினாங்க. அதுக்கு அப்புறம்தான் பள்ளிகள்ல சாதிப் பகையைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில குழு போட்டாங்க. 2024 ஜூன்ல கொடுத்த அறிக்கையில, பள்ளிக்கூடத்துல கலர் கயிறு கட்டக் கூடாதுன்னு பரிந்துரை இருக்கு. கயிறைப் பிடுங்கிப் போடச் சொல்லல உங்களை. அந்த செட்டைத் தவிர வேற யாரோட பேசுறான்னு கேளுங்க. பதில் வரலைன்னா வகுப்பாசிரியரைப் போய்ப் பாருங்க, இந்த வாரமே.

3 செப்டம்பர்

ஹீரோ பத்தி மறுபடியும். 'அவனை எல்லாருக்கும் பிடிக்கலைன்னு இப்போ தெரியுது, ஆனாலும் எனக்குப் பொறாமையாத்தான் இருக்கு.' பொறாமை இருக்கட்டும், 16 வயசுல அது கூட இல்லன்னா எப்படி.

வர்ஜீனியாவுல ஜோசப் ஆலன் குழு 184 பிள்ளைகளை 13 வயசுல இருந்து 23 வரைக்கும் பின்தொடர்ந்து 2014-ல எழுதினாங்க. 13 வயசுலயே காதல், சின்னச் சின்ன அடாவடி, அழகா இருக்கிற பிள்ளைகளோட மட்டும் சுத்துறதுன்னு 'கெத்து' காட்டினவங்க அப்போ பிரபலம். சில வருஷத்துல அது வடிஞ்சுடுச்சு. இருபதைத் தாண்டினப்போ குடி, போதைப் பழக்கப் பிரச்சினையும் உறவுச் சிக்கலும் அவங்கள்ல அதிகம்.

இதைப் படிச்சதும் உனக்கு உள்ளுக்குள்ள ஒரு குஷி வந்திருக்குமே. வேண்டாம். அது கூட்டத்தோட சராசரி, ஒரு ஆளோட ஜாதகம் இல்ல. எங்க கிளாஸ்ல ஒரு ராணி இருந்தா. அவ சிரிச்சாத்தான் மத்தவங்க சிரிப்பாங்க. அவ சீரழிஞ்சு போவான்னு நான் ரகசியமா எதிர்பாத்ததுண்டு. இப்போ ஜவுளிக்கடை வச்சிருக்கா, நல்லா ஓடுது, போன தீபாவளிக்கு எனக்குச் சேலையில தள்ளுபடி கொடுத்தா. என் பேர் ஞாபகம் இருந்துச்சு அவளுக்கு. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாவே இருந்துச்சு.

5 செப்டம்பர்

ஆசிரியர் தின வாழ்த்து சொன்ன எல்லாருக்கும் சரி, சரி.

14 செப்டம்பர்

ஒரு பொண்ணு எழுதியிருக்கா. இண்டர்வெல்ல கூட யார் முன்னாடியும் சாப்பிட மாட்டாளாம், செமினார் இருக்கிற நாள் காலையில வாந்தி, ரெண்டு மாசமா வாரத்துல பாதி நாள் ஸ்கூலே போறதில்லையாம். 'இவனுக்குச் சொன்னதை எல்லாம் நானும் செய்யட்டுமா'ன்னு கேட்டிருக்கா.

வேண்டாம்மா. இங்க இருக்கிறது கூச்சத்துக்கான பேச்சு, உனக்கு இருக்கிறது அதைத் தாண்டினது. ஆறு மாசம் போல விடாம இருந்து, படிப்பையும் சாப்பாட்டையும் தொட ஆரம்பிச்சா அதுக்குச் சமூகப் பதற்றக் கோளாறுன்னு மருத்துவத்துல பேர் இருக்கு. அதுக்குச் சிகிச்சையும் இருக்கு, நல்லாவும் ஆகும். ஆறு மாசம் ஆகட்டும்னு உக்காந்திருக்காதே, ஸ்கூலுக்குப் போறது நின்னாலே போய்ப் பாக்கணும். அரசு தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கும். நேர்ல போகத் தயக்கமா இருந்தா 14416-க்குப் போன் பண்ணு, டெலி மானஸ்னு அரசோட மனநல உதவி எண், காசு கிடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். அம்மாகிட்ட சொல்ல வரலைன்னா நீ இங்க எழுதினதையே காட்டு.

திக்குவாய் பத்தி கேட்டவருக்கும் சேர்த்து: அது கூச்சம் இல்ல, பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவங்க தனியா இருக்காங்க. 'தைரியமா பேசு'ன்னு பிள்ளையை அதட்டாதீங்க.

6 அக்டோபர்

காலாண்டு லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் ஆளைக் காணுது. விலங்கியல்ல என்ன மார்க்னு சொல்லல, அதுலயே தெரியுது.

காலை வழிபாட்டுல செய்தி வாசிச்சானாம். கை நடுங்கி பேப்பர் சத்தம் மைக்ல கேட்டுச்சாம். புறாக்காரன் மட்டும் கண்டுபிடிச்சு 'மழை பெய்யுற மாதிரி இருந்துச்சுடா'ன்னானாம். கபடி டீம்ல மாற்று ஆட்டக்காரனா எடுத்திருக்காங்க. 'ஆனா இன்னும் பாதிப் பேருக்கு என் பேர் தெரியாது அக்கா.'

தெரியாது. ஆகட்டும். அட்டையில ஒட்டிட்டு வாசி அடுத்த தடவை, சத்தம் வராது.

20 நவம்பர்

ஆண்டு விழாவுல தொகுத்து வழங்கக் கேக்கலாமான்னு ஆலோசனை. கேளு. ஆனா அதே ரெண்டு பிள்ளைகளைத்தான் எடுப்பாங்க, 10 ஆகஸ்ட் குறிப்பைப் பாரு. கிடைக்கலைன்னா மைக் செட் அண்ணன் கூட நிக்கிற வேலையைக் கேட்டு வாங்கு. யார் எப்போ மேடை ஏறணும், எந்தப் பாட்டு எந்தப் பென்டிரைவ்ல இருக்குன்னு தெரிஞ்ச ஒரே ஆள் நீயா இருப்ப. டான்ஸ் ஆடுற ஹீரோவும் வந்து 'டேய், எங்க பாட்டு வருமாடா'ன்னு உன்னைத்தான் கேப்பான். அவனை ஒரு நிமிஷம் தவிக்க விடு, அதுக்கு மேல வேண்டாம்.

2 டிசம்பர்

அரையாண்டுக்கு விலங்கியல்ல எது முக்கியம்னு இங்க வந்து கேக்குறது அநியாயம். இந்தப் பக்கம் அதுக்கில்ல.

இதயத்தோட அமைப்பு, ஈசிஜி அலை, நெஃப்ரான் படம். படத்தை நீயே வரை, புறாக்காரனுக்கு வரைஞ்சு கொடுக்காதே.